நால்வர் கைகளில் உருவான நிலக்காட்சி

ஓவியம் என்பது தனிமனித மேதைமையின் விளைவு என்றே நாம் கருதி வருகிறோம். பல்லாண்டுகள் பொருளியல் பயிற்றுவித்த எனக்கு, ஜப்பானிய அச்சோவியர் கவாசே ஹாசுயின் வாழ்க்கை வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது.

1883-இல் டோக்கியோவில் பிறந்த ஹாசுய், குடும்ப வணிகத்தைக் கவனிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர். ஓவியர் கபுராகி கியோகதாவிடம் அவர் மாணவராகச் சேர்ந்தபோது இருபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். 1918-இல் அவருடைய முதல் நிலக்காட்சி அச்சுகளைப் பதிப்பாளர் வதனபே ஷோசாபுரோ வெளியிட்டார். 1957-இல் மறையும் வரை, நாடெங்கும் பயணம் செய்து மழையையும் பனியையும் நிலவொளியையும் அறுநூறுக்கும் மேற்பட்ட அச்சுகளில் பதிவு செய்தார்.

அவற்றை அவர் தனியே உருவாக்கவில்லை. அவர் வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அதனை மரக்கட்டையில் ஒட்டிச் செதுக்குவார். வண்ணங்களுக்கெனத் தனித்தனிக் கட்டைகள் உண்டு. அச்சிடுநர் ஒவ்வொன்றிலும் வண்ணம் பூசி, ஈரக் காகிதத்தை வைத்துக் கையால் தேய்த்தெடுப்பார். அந்தி வானம் மெல்ல வெளிறுவது அச்சிடுநரின் கைத்திறன். முதலீடும் நட்ட அபாயமும் பதிப்பாளருடையவை.

குண்டூசித் தயாரிப்பைக் கொண்டு வேலைப் பகிர்வை விளக்கிய ஆடம் ஸ்மித், ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பவரின் அறிவு மழுங்கும் என்றும் அஞ்சினார். இங்கோ பகிர்வு ஒவ்வொருவரின் திறனையும் கூர்மையாக்கியது!

1923 செப்டம்பர் 1 அன்று நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவை அழித்தன. வதனபேயின் அச்சுக்கட்டைகளும் ஹாசுயின் வரைவேடுகளும் சாம்பலாயின. ஆனால், அந்தக் கூட்டு அழியவில்லை. அடுத்த மாதமே புறப்பட்ட ஹாசுய், நூறு நாள்களுக்கும் மேலாகப் பயணம் செய்து புதிய வரைவுகளுடன் திரும்பினார். வதனபே மீண்டும் முதலிட்டார். பனிப்பொழிவில் குடையுடன் ஒரு பெண் நடந்துசெல்லும், புகழ்பெற்ற சோஜோஜி ஆலய அச்சு 1925-இல் வெளிவந்தது.

வரைவது, செதுக்குவது, அச்சிடுவது மூன்றையும் ஓவியரே செய்தால்தான் அது கலை என்று அதே காலத்தில் மற்றோர் இயக்கம் வாதிட்டது. அதன் நேர்மையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. இசைக்குழுவில் ஒருவரே எல்லா இசைக்கருவிகளையும் வாசிக்க வேண்டுமென்று நாம் கேட்பதில்லையே!

1953-இல் ஜப்பானிய அரசின் பண்பாட்டுப் பாதுகாப்புக் குழு, ஓர் அச்சை உருவாக்கும் பணியை ஹாசுயிடம் ஒப்படைத்து, அதன் செய்முறை முழுவதையும் ஆவணப்படுத்தியது. படைப்பைப் போலவே செய்முறையும் காக்கப்பட வேண்டிய செல்வம் என்பதை அந்த அரசு உணர்ந்திருந்தது.

திறமையாளர் இல்லாததால் மட்டும் ஒரு கலை அழிவதில்லை. பயிற்சி பெற்ற கைகளுக்குத் தொடர்ந்து வேலையும், முதலிடத் துணிபவருக்கு வாங்குவோரும் இல்லாதபோதும் அது அழிகிறது. கலைஞருக்கு விருது வழங்குவது எளிது. அவருக்குப் பின்னே நிற்கும் பெயரறியாக் கைகளுக்கு வாழ்வளிப்பதே கலையைக் காக்கும் கொள்கையாக இருக்க முடியும்.