ஆழியுள் அமிழ்ந்த கலம்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த செய்தியையும், அதன்பின் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களின் அவதியையும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய குடும்பங்களில் இன்றும் சொல்லக் கேட்கலாம். அன்று பிற்பகல் நிகழ்ந்த மற்றொரு பேரிழப்போ, கரையிலுள்ளார் கண்ணுக்கு எட்டாத தொலைவில் நிகழ்ந்தமையால், ஊர்ப்பேச்சில் அவ்வளவாக இடம்பெறவில்லை. முதல்நாள் இரவு கொழும்பிலிருந்து புறப்பட்ட 'டோர்செட்ஷயர்', 'கோர்ன்வோல்' என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள், தம் கடற்படையோடு சேர்ந்துகொள்ளத் தெற்கு நோக்கி விரைந்து செல்லுங்கால் விமானத் தாக்குதலுக்கு இலக்காகி, அரைமணி நேரத்துக்குள் இரண்டும் மூழ்கின. 424 பேர் மாண்டனர். 1,122 பேர் ஏறத்தாழ 30 மணி நேரம் கடலிற் கிடந்து தத்தளித்தபின் மறுநாள் மீட்கப்பட்டனர்.

நான்கு நாட்களின்பின், ஏப்ரல் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் கப்பலும் அதே கதியை அடைந்தது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. இன்று அது ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது; மட்டக்களப்பு மீனவருக்கு அதன் இடம் நன்கு தெரியும்; பயிற்சி பெற்ற சுழியோடிகள் அதன் அருகே சென்று மீள்கின்றனர். முன்னர்க் கூறிய இரு கப்பல்களும் வீழ்ந்த இடமோ ஆழ்சமுத்திரம். ஒரே வாரத்தில், ஒரே பகைவனால், ஒரே தீவைச் சூழ்ந்த கடலில் மூழ்கிய இம்மூன்று கலங்களுள் ஒன்று மனிதக் கைக்கு எட்டுவதாகவும் ஏனையவை எட்டாதனவாகவும் அமைந்தமைக்கு ஆழம் என்ற ஒன்றே காரணம். அத்தகைய ஆழத்திற் கிடக்கும் ஒரு கலத்தைத் தேடிக் காண்பது எவ்வாறு என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

தேடுதலின் ஆரம்பம் யந்திரத்தில் இல்லை. மாலுமியின் கணக்கில் இருக்கிறது. கடலில் ஓரிடத்தைக் குறிப்பதென்பது இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியை அறிவதேயாகும். கொழும்புக் கரைக்கு அப்பால் வள்ளத்தில் இருக்கும் மீனவன் ஒருவன், கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் கவிகை எந்தக் கட்டடத்துக்கு நேரே தோன்றுகிறது என்றும், தெற்கே வேறொரு கோபுரம் எந்த மரத்துக்கு நேரே தோன்றுகிறது என்றும் பார்த்து வைத்துக்கொண்டால், அவ்விரு நேர்கோடுகளும் சந்திக்கும் அந்த ஒரே இடத்துக்கு மறுநாளும் மறுவருடமும் தவறாது திரும்பி வருவான். கரை மறைந்தபின் அந்த அடையாளங்களை ஆகாயத்தில் தேட வேண்டியதாகிறது. வட துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே பார்ப்பவன் நிற்கும் இடத்தின் அகலாங்கு. கொழும்பில் அந்நட்சத்திரம் 7 பாகை உயரத்திலேயே நிற்பதனால், மழைமேகமும் அடிவானத்து மங்கலும் அதை எளிதில் மறைத்துவிடும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அது முற்றாகவே பயன்படாது போகும். அங்கெல்லாம் நண்பகற் சூரியனின் உயரத்தைச் செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் அளந்து, அன்றைய தினத்துக்குரிய திருத்தத்தைப் பஞ்சாங்கத்திற் பார்த்துச் சேர்த்து, அகலாங்கைப் பெறுவர்.

நெட்டாங்கை அறிவதே பெரும் பிரயாசை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, கிறீன்விச்சின் நேரத்தைத் தவறாது காட்டும் காலமானி ஒன்று கையில் இருந்து, தான் நிற்கும் இடத்தின் சூரிய நேரத்தையும் ஒருவன் அறிவானாயின், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அவனுடைய நெட்டாங்கு. கொழும்பின் நெட்டாங்கு ஏறத்தாழ 79 பாகை 51 கலை. அதன் சொந்தச் சராசரிச் சூரிய நேரம் கிறீன்விச்சைவிட 5 மணி 19 நிமிடம் 24 விநாடி முந்தியது. இக்கணக்கில் உள்ள அபாயம் யாதெனில், காலமானி 4 விநாடி பிழைத்தால், பூமத்திய ரேகையை அடுத்த நம் கடலில் கப்பலின் இடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர், பிழைத்துவிடும். இங்கிலாந்தின் ஜோன் ஹரிசன் என்னும் தச்சர் 18ஆம் நூற்றாண்டில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, கடலின் ஆட்டத்திலும் தவறாத காலமானியைச் செய்தளித்தமைக்கு உலகம் பட்ட கடன் பெரிது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், நம்மவர் கையாற் செலுத்தப்பட்டு 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்த காலத்திலும், நடுச்சமுத்திரத்தில் மாலுமிக்குத் துணை சூரியனும் நட்சத்திரங்களும் கடிகாரமுமேயன்றி வேறில்லை.

வானம் மூடியிருந்தால் இவையும் இல்லை. அப்போது மாலுமி, கடைசியாகத் தெளிவாக அறிந்த இடத்திலிருந்து எத்திசையில், என்ன வேகத்தில், எத்தனை மணி நேரம் வந்தோம் என்ற உத்தேசக் கணிப்பையே நம்புகிறான். இலங்கையின் தென்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கியும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கியும் திரும்பி ஓடும் நீரோட்டம், மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் ஓடினாலும், ஒரு நாளில் கப்பலை 24 கடல் மைல் தள்ளிவிடும். 'டைட்டானிக்' கப்பல் அபாயச் செய்தியில் அறிவித்த இடத்துக்கும், 1985ஆம் ஆண்டில் றொபேட் பலார்ட், ஜீன் லூயி மிஷெல் ஆகியோர் தலைமையில் அது கண்டெடுக்கப்பட்ட இடத்துக்கும் ஏறத்தாழ 13 கடல் மைல் வித்தியாசம் இருந்ததென்றால், போர்க்காலத்தில், தீப்பற்றி எரியும் கப்பலிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்ட செய்திகளைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சைவ சித்தாந்த நூல்கள் அறிவுக்கு வாயிலாகிய அளவைகளைக் காண்டல் (நேரிற் காண்பது), கருதல் (அநுமானம்), உரை (நம்பத்தக்கார் வாக்கு) என மூன்றாகத் தொகுக்கும். கடலடியில் கலம் தேடுவோர் அவற்றைத் தலைகீழாகவே கைக்கொள்ள வேண்டியிருக்கிறது: உரை முதலில், கருதல் அடுத்து, காண்டல் இறுதியில். இதற்குச் சிறந்த சான்று அவுஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல். 1941ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஜேர்மனியின் 'கோர்மோரான்' என்னும் கப்பலோடு பொருது, அதில் இருந்த 645 பேரில் ஒருவரும் மீளாமல் அது மறைந்தது. கோர்மோரானும் மூழ்கியதாயினும் அதிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். தெற்கு அகலாங்கு 26 பாகை, கிழக்கு நெட்டாங்கு 111 பாகை என்று அவர்கள் சொன்ன இடத்தைப் பகைவரின் வாக்கு என்பதால் பலர் நெடுங்காலம் சந்தேகித்தனர். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டேவிட் மேர்ன்ஸ் என்பவர் தலைமையில் நடந்த தேடுதலில், அவர்கள் சொன்ன புள்ளியிலிருந்து ஏழு கடல் மைல் அளவிலேயே கோர்மோரான் கிடைத்தது; சில நாட்களில் சிட்னியும் ஏறத்தாழ 2,470 மீற்றர் ஆழத்திற் கிடைத்தது. கடலில் மிதந்த தெப்பங்களும் படகுகளும் கண்டெடுக்கப்பட்ட இடங்களிலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கிக் கணித்த அறிஞர்களின் அநுமானமும் அவ்வுரைக்குத் துணைநின்றது. உண்மை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காகிதத்தில் எழுதப்பட்டே இருந்தது.

உரையின் துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். இடம் பத்துக் கடல் மைல் பிழைத்திருக்கலாம் என்று கொண்டால், தேட வேண்டிய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,077 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாவட்டம் முழுவதைப்போல் ஒன்றரை மடங்கு. பிழை இருபது கடல் மைலானால் பரப்பு இரு மடங்காவதோடு நில்லாது நான்கு மடங்காகிறது.

இனிக் காண்டலுக்கு வருவோம். ஒளி சில நூறு மீற்றருக்குக் கீழே செல்வதில்லை. வானொலி அலைகளையும் கடல்நீர் விழுங்கிவிடுவதால், இன்று நம் கைத்தொலைபேசிக்கும் வழிகாட்டும் செய்மதிகளின் சமிக்ஞை நீரின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. நீருக்குள் தூரம் செல்லவல்லது ஒலி ஒன்றே. அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர். கப்பலிலிருந்து விடுக்கும் ஓர் ஒலித்துடிப்பு 4,000 மீற்றர் ஆழம் சென்று எதிரொலித்து மீள ஐந்து விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தை அளந்து ஆழத்தை அறிவதே சோனார் என்னும் கருவியின் தத்துவம். ஹரிசனின் காலமானி, செய்மதி, சோனார் மூன்றும் காலத்தை அளந்தே இடத்தை உரைக்கின்றன என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

ஆயினும் கப்பலின் அடியிற் பூட்டிய பல்கற்றைச் சோனார் போதாது. ஒரு பாகை அகலமுள்ள ஒலிக்கற்றை 4,000 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 70 மீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். 190 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள டோர்செட்ஷயர் போன்ற கப்பல், அச்சோனார் வரையும் கடலடிப் படத்தில் இரண்டு மூன்று புள்ளிகளாகவே விழும். பாறைக்கும் அதற்கும் பேதம் தெரியாது. ஆகவே கருவியையே கடலடிக்கு அருகே கொண்டுசெல்ல வேண்டும். பல கிலோமீற்றர் நீளமுள்ள கம்பியின் முனையிற் கட்டிய பக்கவாட்டுச் சோனாரை, தரைக்குச் சில நூறு மீற்றர் மேலே, மனிதன் நடக்கும் வேகத்தில் இழுத்துச் செல்வர். அது இருபுறமும் ஒலியை வீசும்; இரும்பு பளிச்சென்று தெரியும்; அதன் பின்னே ஒலி விழாத பகுதி நிழலாகத் தெரியும்; அந்நிழலின் வடிவமே பல வேளைகளில் பொருளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வரிசை முடிந்து அத்தனை நீளக் கம்பியோடு கப்பலைத் திருப்புவதற்கே பல மணி நேரம் செல்லும். கலத்தைவிட அது சிந்திய பொருள்களைத் தேடுவதும் நல்ல உபாயம்: மூழ்குங்கால் உடைந்து வீழ்ந்தவற்றுட் கனமானவை நேரே இறங்க, இலேசானவற்றை நீரோட்டம் தூரக் கொண்டுசென்று நீண்ட தடமாகப் பரப்பிவிடும். டைட்டானிக்கைக் கண்டவர்கள் இத்தடத்தைப் பற்றியே சென்றார்கள்.

இக்காலத்தில் கம்பியே இல்லாத தானியங்கி நீர்மூழ்கிகள் இவ்வேலையைச் செய்கின்றன. தம் அசைவையும் தரைமேல் தம் வேகத்தையும் தாமே அளந்து, பழைய மாலுமியின் உத்தேசக் கணிப்பையே அதிசூட்சுமமாகச் செய்து அவை வழி காண்கின்றன. பிழை சேராதிருக்க மேலே நிற்கும் கப்பல் ஒலியால் அவற்றின் இடத்தைத் திருத்திக் கொடுக்கிறது. நம் அயலிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் சென்னையிலிருந்து அந்தமானுக்கு 29 பேரோடு புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக்கடலில் மறைந்தது. அப்போது நடந்த பெருந்தேடுதலில் எவ்விதத் தடயமும் அகப்படவில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி, கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீற்றர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம்பிடித்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அச்செய்தி வெளியானபோது, ஏழாண்டுகளுக்கு மேல் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. யந்திரங்களின் பெருமையை நான் இத்தகைய பயனைக்கொண்டே மதிப்பிடுகிறேன்.

பொன்னும் வெள்ளியும் தேடிச் செல்வோரும் உளர். கல்கத்தாவிலிருந்து வெள்ளியும் தேயிலையும் ஏற்றிச் சென்று, 1941ஆம் ஆண்டு பெப்ரவரியில் அயர்லாந்துக்கு அப்பால் ஜேர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட 'கெயர்சொப்பா', 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,700 மீற்றர் ஆழத்தில் அமெரிக்க நிறுவனமொன்றாற் கண்டுபிடிக்கப்பட்டு, தொன்கணக்கான வெள்ளி மேலே கொணரப்பட்டது. மேலிருந்து கம்பிவழி இயக்கப்படும் யந்திரக் கைகளே அங்கு வேலை செய்தன. 470 வளிமண்டல அழுத்தத்தில் மனித உடல் என் செய்யும்? வெள்ளியைவிட என் மனத்தைத் தொட்டது, அக்கப்பலின் தபாற் பொதிகளிலிருந்து 700க்கும் மேற்பட்ட கடிதங்கள் வாசிக்கத்தக்க நிலையில் கிடைத்தமையே. காற்றும் ஒளியும் புகாத சேற்றினடியில் மை அழியாதிருந்தது. கப்பலில் இருந்தோரில் கரைசேர்ந்து பிழைத்தவர் ஒருவரே.

நம் கரைக்கு மீள்வோம். முதலாம் உலகப்போரில் 'வோல்ஃப்' என்னும் ஜேர்மன் கப்பல் கொழும்புக்கு அப்பால் இரகசியமாக இட்டுச் சென்ற கண்ணிகளால் 1917ஆம் ஆண்டு பெப்ரவரியில் மூழ்கிய 'வூஸ்டர்ஷயர்', 'பேர்சியஸ்' ஆகிய கப்பல்கள் இன்றும் இவ்வயற்கடலிலேயே கிடக்கின்றன. அம்பாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள கொடவாயவில், ஏறத்தாழ 33 மீற்றர் ஆழத்தில், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய கலமொன்றின் சிதைவு கிடைத்தது. இந்து சமுத்திரத்தில் இதுகாறும் அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது அதுவே. அதைக் கண்டு சொன்னவர்கள் அவ்வூர் மீனவர்கள்.

ஆதலால் வாசகருக்கு என் வேண்டுகோள் இது. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வல்வெட்டித்துறையிலும் மட்டக்களப்பிலும், கப்பலிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்த முன்னோரின் குறிப்பேடுகளும் கடல் வரைபடங்களும் பழைய பெட்டிகளுக்குள் இருக்கக்கூடும். அவற்றைக் கறையானுக்கு விடாது, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதியாவது கொடுங்கள். வலை சிக்கும் இடங்களை அறிந்த முதிய மீனவர் உங்கள் உறவில் இருந்தால், அவரிடம் சென்று, எந்த அடையாளத்துக்கு எது நேர், எத்தனை பாகம் ஆழம், எந்த ஆண்டு வலை அறுந்தது என்று கேட்டு, அவர் சொல்லுகிறபடியே எழுதி, தேதியிட்டு, காலியிலுள்ள சமுத்திரத் தொல்லியற் பிரிவுக்கு அனுப்பி வையுங்கள்.