கணினிக்குள் திரும்பும் முகவரி

சிங்கப்பூரில் புறப்பட்டு, சென்னை, கொழும்பு, மும்பை எனக் கரைதொட்டு, பிரான்சின் மார்செய் துறைமுகம்வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளும் சீ-மீ-வீ 4 என்ற கடலடி ஒளியிழை வடம், வழியில் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவிலும் கரையேறுகிறது. ஒளியிழையில் செய்தி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும், பலெர்மோவிலிருந்து செல்லும் கேள்வி சென்னையிலுள்ள வழங்கியை எட்டிப் பதிலோடு திரும்ப நேரம் பிடிக்கிறது. ஒரு பக்கத்தைக் காட்டத் தரவுத்தளத்தை ஐம்பது முறை கேட்கும் நிரலுக்கு அந்த நேரமும் ஐம்பது மடங்காகும்.

அதே பலெர்மோவில் ஒரு நிரலர் தம் மடிக்கணினியிலேயே வழங்கியையும் தரவுத்தளத்தையும் நிறுவி, 127.0.0.1 என்ற முகவரிக்குக் கேள்வி அனுப்பினால், அது கடலை எட்டுவது இருக்கட்டும், கணினியின் வலையட்டையைக்கூடத் தொடாமல், கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகிறவர் தெருவில் இறங்காததைப் போல, இயக்க அமைப்புக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. பின்திருப்பு முகவரி எனப்படும் இதற்கு ஒரே ஓர் எண் போதும் என்றாலும், 127இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன, லினக்சில் 127.45.6.7 என்று அழைத்தாலும் விடையளிப்பது அதே கணினிதான்.

கணினியின் உள்ளுக்கும் வெளி வலைக்கும் இடையிலான இந்த எல்லையை மதிக்காதபோது நேர்வதைச் சிசிலிக்காரரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ உருவாக்கிய ரெடிஸின் வரலாறு காட்டுகிறது. தரவை நினைவகத்தில் வைத்து விரைந்து தரும் அம்மென்பொருள் 2009இல் வெளிவந்தது. நம்பகமான வலைக்குள் மட்டுமே அது இயங்கும் என்று கருதி, கடவுச்சொல் கேட்காமல் எல்லா முகவரிகளிலும் செவிசாய்க்கும்படி அமைத்திருந்தார்கள். பலரோ அதை அப்படியே பொது இணையத்தில் திறந்துவைத்தார்கள். 2015இல் சான்ஃபிலிப்போவே அதன் விளைவைச் செய்துகாட்டினார்: வெளியாள் தன் நுழைவுச் சாவியை ரெடிஸில் ஒரு தரவாகச் சேர்த்து, சேமிப்புக் கோப்பின் இடத்தையும் பெயரையும் மாற்றி, வழங்கி நம்பும் சாவிப்பட்டியலின்மீதே அதை எழுதவைத்தால், முழு வழங்கியும் அவன் கைக்குப் போய்விடும். எனவே 2016இல் வந்த 3.2ஆம் பதிப்பு முதல், கடவுச்சொல்லும் முகவரி வரையறையும் இல்லாத ரெடிஸ், பின்திருப்பு முகவரியிலிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டுமே விடையளிக்கிறது.

ஆயினும் இந்தக் காப்பை இன்றைய வசதியே கழற்றிவிடுவது வருத்தத்துக்குரியது. மென்பொருளை அதற்குத் தேவையான அனைத்தோடும் ஒரே பொதியாக இயக்கும் டாக்கரில், ரெடிஸின் அதிகாரபூர்வப் பொதி அக்காப்பை அணைத்துவைத்தே வருகிறது. அமைப்புக் கோப்பில் ரெடிஸின் வாயில் எண்ணை 6379:6379 என்று மட்டும் எழுதினால், கணினியின் எல்லா முகவரிகளிலும் அந்த வாயில் திறந்து, அதே வைஃபையில் இருக்கும் அயலாருக்கும் வழி கிடைக்கக்கூடும். பயிற்சிக்கான அமைப்புதானே என்று வாடிக்கையாளரின் உண்மைத் தரவின் நகலை அதில் வைத்திருப்பவர் தம்மை நம்பியவர்களின் விவரங்களைத் தெருவில் வைக்கிறார். அதே வரியை 127.0.0.1:6379:6379 என்று எழுதினால், அந்த வாயில் அக்கணினிக்குள் மட்டும் திறக்கும்.