வெட்டி, தெண்டம், புறம்போக்கு

புதுச்சேரிக்கும் பண்ருட்டிக்கும் சாலை பிரியும் கோலியனூர் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பேச்சில் கொஞ்சம் காதைக் கொடுங்கள். வேலைக்குப் போகாத பிள்ளையைத் திட்டத்தான் எத்தனை சொற்கள்! வெட்டிப்பய, தெண்டச்சோறு, உதவாக்கரை, புறம்போக்கு. இவற்றில் மூன்று, வரியும் அபராதமும் எழுதிய கணக்கிலிருந்து இறங்கி வந்தவை.

சோழர் கல்வெட்டுகளில் வரிப்பெயர்களோடு அடிக்கடி வரும் சொல் வெட்டி. குடிகள் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய உழைப்புக்கு அதுதான் பெயர். வடமொழி ‘விஷ்டி’யிலிருந்து வந்தது என்பார்கள். நிஜாம் ஆண்ட தெலங்கானாவில் ‘வெட்டி சாகிரி’ என்று இதே கொடுமை நீடித்து, 1946-இல் வெடித்த விவசாயிகள் போராட்டத்துக்கு ஒரு காரணமும் ஆனது. ஆக, வெட்டி பார்த்தவன் சும்மா கிடந்தவன் அல்ல. ஊரிலேயே அதிகம் முதுகு வளைந்தவன். கைக்குத்தான் ஒன்றும் வரவில்லை. அவன் பெயரைப் பிடுங்கி, திண்ணையில் படுத்திருப்பவனுக்குச் சூட்டிவிட்டோம். ‘வேலைவெட்டி இல்லாதவன்’ என்கிற தொடரில் மட்டும் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது: கூலிக்கு வேலையும் இல்லை, கூலியில்லாத வெட்டியும் இல்லை.

வெள்ளைக்காரன் வந்தும் வெட்டி போய்விடவில்லை. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்து என்றால் ஊராரை வேலைக்கு இழுக்கலாம். ஊரார் கூடி ஏரி, வாய்க்காலைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வராதவரிடம் பணமாகவும் வசூலிக்கலாம். அப்படி அழுவதுதான் தண்டம். இந்தப் பக்கத்து வாயில் தெண்டம். கொடுத்த காசுக்குப் பலன் எதுவும் திரும்பாது. தெண்டச்சோறும் அந்த வகைச் செலவுதான்.

ஆங்கிலேயர் தம் சோம்பேறிகளுக்குச் சொல் தேடிய இடம் வேறு. ‘ஐடில்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் வெறுமை. ‘ஃபியூட்டைல்’ லத்தீனில் ஒழுகுவதைக் குறித்தது. நம் விழலுக்கு இறைத்த நீருக்குச் சொந்தக்காரன். நம்மூர் டீக்கடை வரை வந்துவிட்ட ‘வேஸ்ட்’டின் வேர், ஆளற்ற பாழ் என்ற பொருளுடைய லத்தீன் சொல்.

பாழ்நிலம் என்றதும் புறம்போக்கு வந்துவிடுகிறது. தீர்வை விதிக்காமல் புறத்தே ஒதுக்கிய நிலம் அது: ஏரி, வாய்க்கால், மேய்ச்சல், பாதை, சுடுகாடு. ஊர் முழுக்கப் புழங்கிய நிலம் சர்க்காருக்குக் காசு தரவில்லை என்பதற்காக வசவாகிப் போனது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. 2017-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியதும் இந்தச் சொல்லின் மானத்துக்காகத்தான்.

மறுபடி வெட்டிக்கே வருகிறேன். நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது, கோலியனூர் இருக்கும் விழுப்புரம் மாவட்டம் முதல் கட்டத்திலேயே இருந்தது. ஏரியும் வாய்க்காலும் தூர்வாரும் பெண்களைப் பார்த்து, பைக்கில் போகிறவர்கள் ‘வெட்டி வேலை’ என்று சிரிக்கிறார்கள். கூலி உண்டென்பதால் கல்வெட்டுக் கணக்குப்படி அது வெட்டி ஆகாது. 2025 தொடக்கத்தில், தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட கூலி பாக்கியைக் கேட்டு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினாரே, கூலி வராத அந்த மாதங்களை வேண்டுமானால் எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசிக்கலாம்.