தொட்டியின் மூடி

யோங் பெங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்குள் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடும். இருக்கையைத் தூக்கிப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும். மூடியை மாட்டி உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். மூடியிலுள்ள சிறு துளையைச் சேறு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

வண்டி நின்றால் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? தம் கையாலேயே சிறு விமானம் கட்டிப் பறப்பவர்கள் உலகில் பலர். அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்து ஆர்.வி. வகை மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கிறது. அவற்றின் தொட்டி மூடியைத்தான் இன்று நாம் பார்க்கிறோம்.

இந்த விமானங்களில் தொட்டி பெரும்பாலும் இறக்கைக்குள் இருக்கிறது. காற்று போகும் வழி பல விமானங்களில் தனிக் குழாய். அதில் குளவி மண்கூடு கட்டிவிடும், பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி இறக்கையின் மேற்பரப்போடு சமமாகப் பதிந்திருக்கும். பறக்கும்போது இறக்கையின் மேலே அழுத்தம் குறைவு. ஆகவே மூடி தளர்ந்திருந்தால் பெட்ரோல் வெளியே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு போய்விடும்.

இதைவிட நம் ஊருக்குப் பொருத்தமான ஆபத்து மழை. 2023 மார்ச்சில் யோங் பெங்கில் வெள்ளம் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வெட்டவெளியில் நிற்கும் விமானத்தில், மூடி பதிந்திருக்கும் பள்ளத்தில் மழைநீர் தேங்கும். அதற்கும் பெட்ரோலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம் மட்டுமே. வெயிலில் அது காய்ந்து, இறுகி, வெடித்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும். வளையத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தட்டையாகியிருந்தாலோ கீறல் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். காசு கொஞ்சந்தான். பூசும் கிரீஸும் பெட்ரோலில் கரையாத வகையாக இருக்கட்டும். சிலர் மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்கிறார்கள். அது மருந்தல்ல, மறைப்பு. தொழிற்சாலையில் செய்த விமானத்துக்குப் பரிசோதகர் உண்டு; வீட்டில் கட்டியதற்கு முதல் பரிசோதகர் கட்டியவரேதான்.

உள்ளே புகுந்த நீர் பெட்ரோலைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். இயந்திரத்துக்குப் போகும் குழாயும் அந்த அடிப்பக்கத்திலேயே இருக்கிறது. தரையில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. மேலே கிளம்பி, கீழே செம்பனை மரங்களே தெரியும் நேரத்தில் இயந்திரம் இருமும். அதனால்தான் அன்றைய முதல் பயணத்துக்கு முன்பும், எண்ணெய் ஊற்றிய பின்பும், தொட்டியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கிறார்கள். நீர் இருந்தால் குமிழாக அடியில் நிற்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குவளை முழுதும் தண்ணீராக இருந்தால் கோடும் இராது, குமிழும் இராது. சுத்தமான பெட்ரோல் போலவே தோன்றும். விமான நிலையங்களில் கிடைக்கும் 100 எல்.எல். பெட்ரோலுக்கு நீலச் சாயம் இருப்பதால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். சாயமில்லாத பெட்ரோல் ஊற்றுகிறவர் குவளையை மூக்கருகே கொண்டுபோக வேண்டியதுதான்.