வேளாண்மைப் பட்டமும் விளைநிலமும்

உழவர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்ததும் அவர்களை மேலே என்ன படிக்கவைப்பது என்ற கேள்வி எழுகின்றது. வேளாண்மைக் கல்லூரியில் சேர்க்கலாமே என்று நாம் கூறினால், "ஏர் பிடிக்கக் கல்லூரி எதற்கு?" என்று பெரியவர்கள் மறுமொழி கூறுகின்றனர். சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் இவ்வினாவைப் பலமுறை கேட்டுள்ளோம். இதற்குத் தக்க விடை கூறுதல் நமது கடமையாகும்.

இக்கல்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கியது, பின்னர் 1906-ல் கோயமுத்தூருக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்தது; 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. இளநிலைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் கொண்டது. உழவியல், மண்ணியல், பயிர்ப் பெருக்கம், பூச்சியியல், பயிர் நோயியல், விதை நுட்பம், வேளாண் பொருளியல் முதலியன பாடங்களாம். மாணவரும் மாணவியரும் தாமே வயலில் பயிரிட்டு, விதைப்பு முதல் அறுவடை வரை பார்த்து, வரவு செலவுக் கணக்கும் எழுதுதல் வேண்டும்.

இதனால் விளையும் பயன் யாது? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பயிர் மஞ்சள் நிறம் கொண்டால் உடனே யூரியா இடுவது நம்மில் பலருக்கு வழக்கம். முறையாகப் பயின்றவரோ முதலில் எந்த இலை மஞ்சளாயிற்று என்று நோக்குவார். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் வெளுத்திருப்பின் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனியிலுள்ள இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருப்பின் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது பெரிதும் காணப்படும். அதற்கு அன்னபேதிக் கரைசலைத் தெளிக்கவேண்டும்; யூரியா இட்டால் கடன் வாங்கிய பணந்தான் வீணாகும்.

நெசவாளரான அன்பர்கள் இஃது உழவருக்குரிய செய்தி என்று ஒதுங்கிவிட வேண்டா. மெல்லிய நூலுக்கு நீண்ட இழை வேண்டும். இழையின் நீளமோ பெரிதும் பருத்தியின் இனத்தைப் பொறுத்தது. புதிய இனம் காண்போர், மறுநாள் மலரவிருக்கும் மொட்டை மாலையிலேயே தேர்ந்து, மகரந்தப் பைகளை நீக்கி, உறையிட்டு மூடுவர். காலையில் வேறோர் இனத்தின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவுவர். அவ்விதையை விதைத்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்த பின்னரே ஓர் இனம் நிலைபெறும். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு இனங்களைக் கலந்து கோவையில் உருவாக்கி, 1974-ல் வெளியிடப்பட்ட சுவின் பருத்தி இவ்வாறு பிறந்ததே. 100-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் அது ஏற்றது. தறியில் ஓடும் நூலுக்குப் பின்னே இத்தனை பொறுமை இருக்கின்றது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தற்கில்லை. பட்டம் பெற்றவருள் பலர் வயலை விட்டு வேறு அலுவல்களுக்குச் சென்றுவிடுகின்றனர். பெற்றோர் சிலரும் அதனையே விரும்புகின்றனர். பிள்ளை கற்றது பிறந்த ஊருக்குப் பயன்படாது போனால் இழப்பு அக்குடும்பத்தோடு நில்லாது, ஊருக்கே இழப்பாகும்.

இதற்கு நம் சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இறுதியாண்டு மாணவர்கள் ஊரகப் பயிற்சிக்காகச் சிற்றூர்களில் தங்கி, உழவரோடு பழகிக் கற்கின்றனர். அவர்கள் வரும்போது சங்கத்தின் கதவு திறந்திருத்தல் வேண்டும். பயிர்க்கடன் விதைப்புக்கு முன் கிடைத்தாலன்றிப் பயனில்லை என்பதைப் பேரேட்டைக் காட்டி விளக்குவோம். மண் பரிசோதனை அட்டையைப் படித்துப் பொருள் கூறுமாறு அவர்களிடம் கேட்போம். எந்த மடையில் நீர் தேங்கும், எந்தப் பட்டத்தில் எப்பூச்சி வரும் என்பவற்றை நம் மூத்த உழவர் அவர்களுக்கு உரைக்கட்டும். புத்தக அறிவும் பட்டறிவும் ஒரே வரப்பில் நின்று பேசும் இடம் அதுவே.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் நம் மக்களையும் அந்நாளில் சங்கத்திற்கு அழைத்து வாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அம்மாணவரே விடை கூறட்டும்.