ஆறு வயதிலேயே முதுமை: பெரிய நாய்க்கு எப்படிச் சோறு வைப்பது?

கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் போன்ற ராட்சத இன நாய்களுக்கு ஐந்து, ஆறு வயதிலேயே முதுமை தொடங்கிவிடுகிறது. கிரேட் டேனின் ஆயுளே பொதுவாக 7 முதல் 10 ஆண்டுகள்தான். ஆனால், கயிற்றைக் கையில் எடுத்ததுமே வாசலுக்குப் பாய்ந்து வரும் நாயைப் பார்த்தால் அதன் வயது நமக்கு உறைப்பதில்லை. சின்ன வயதில் வைத்த அதே அளவை இப்போதும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எவ்வளவு வைப்பது?

விலாவை லேசாகத் தடவிப் பாருங்கள். எலும்புகள் விரலில் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் தெரிகிறது என்றால் எடை கூடிவிட்டது. இடுப்பும் முழங்காலும்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. அதற்காகக் கறியையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். வயதானால் தசை கரையும். ஓடியாடும் நாய்க்குப் புரதம் குறையக் கூடாது. சோறு, எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவே சரி.

உயிரைப் பறிக்கும் ஆபத்து

வயிறு காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்வது இந்த இனங்களை அதிகம் தாக்குகிறது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஒரே வேளையில் வயிறு முட்ட, அவசர அவசரமாகத் தின்பது இதற்கு வழிவகுக்கும். அன்றாட உணவை இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். ஓடிவந்த நாய்க்கு மூச்சு அடங்கிய பிறகே சோறு. தின்றபின் ஒரு மணி நேரமாவது ஓய்வு.

வாந்தியெடுக்க முக்குகிறது, நுரை தவிர எதுவும் வரவில்லை. வயிறு பறைபோல் விறைத்திருக்கிறது. எச்சில் வடிய, படுக்க முடியாமல் அலைகிறது. இப்படியென்றால் கைவைத்தியம் வேண்டாம். விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், அறுவைச் சிகிச்சைதான் காப்பாற்றும். இரவிலும் இயங்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். வயிறு முறுக்கிக்கொள்ளாமல் முன்கூட்டியே தைத்து வைக்கும் சிகிச்சையும் உண்டு. உங்கள் நாய்க்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்கிய தீனி கெட்டிருந்தால் பில்லையும் பாக்கெட்டையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். வளர்ப்பவருக்கும் கடமை உண்டு. போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். நடை தளர்ந்துவிட்டது, செலவு கூடிவிட்டது என்று பட்டினி கிடக்கும்படி தெருவில் விட்டுவிடுவதும் அதே பிரிவில் வரும். ஏழெட்டு வருடம் நம் வாசலைக் காத்த ஜீவனுக்குக் கடைசி வருடங்களின் சோறு நாம் பட்ட கடன்.