கணிப்பொறியும் குளிர் அறையும் பேசும் மொழி

கடலாடி வட்டத்தில் உள்ள மூக்கையூர் மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்றிருக்கிறீர்களா? மீன் கரையேறியதும் அதன்மேல் ஐஸ் கொட்டுவதைக் கடற்கரை ஊர்களில் எங்கும் காணலாம். உறையவைத்த மீனையும் இறாலையும் நெடுநாள் சேமிக்க −18 டிகிரி செல்சியசோ அதற்கும் குறைவான வெப்பநிலையோ வேண்டும். குளிர் தளர்ந்தால் சரக்குக் கெடும். பலருடைய உழைப்பு ஒரே இரவில் வீணாகும்.

இதனைக் காவல் காப்பது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி. அதன் உணர்வி சில கருவிகளில் பிளாட்டினக் கம்பியால் ஆனது. 0 டிகிரியில் 100 ஓம் மின்தடை உள்ள கம்பி, −18 டிகிரியில் ஏறத்தாழ 93 ஓம் காட்டும். இம்மாற்றத்தை அளந்து, கருவி அமுக்கியை ஓட்டவோ நிறுத்தவோ செய்கிறது. ஆனால் கருவி இருப்பது குளிர் அறையின் அருகில். கணிப்பொறி இருப்பது அலுவலகத்தில். இரண்டும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன?

ஒன்றன்பின் ஒன்றாக

கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே. ஓர் இலக்கம் ஒரு பிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டையும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஆனால் தொலைவுக்குச் செலவு மிகும். ஆகவே ஒரே வழியில் வரிசையாக அனுப்புகிறார்கள். இதுவே தொடர்முறைச் செய்தித்தொடர்பு.

பைட் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? முன்னால் ஒரு தொடக்கப் பிட், பின்னால் ஒரு சரிபார்ப்புப் பிட், இறுதியில் ஒரு முடிவுப் பிட் சேர்ப்பர். ஆக 11 பிட். இரு கருவிகளும் ஒரே வேகத்தில், எடுத்துக்காட்டாக வினாடிக்கு 9600 பிட் என, இயங்க வேண்டும். வேகம் பொருந்தாவிடில் பேச்சு குழறிவிடும்.

அலையில் மிதக்கும் கட்டுமரம்

1960-இல் வெளிவந்த ஆர்.எஸ்.-232 முறை ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவுக்கே ஏற்றது. 1983-இல் வந்த ஆர்.எஸ்.-485 முறை 1200 மீட்டர் வரை செல்லும். காரணம் என்ன? இதில் முறுக்கிய இரு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடுதான் செய்தி. அருகிலுள்ள மோட்டாரின் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒன்றாகவே பாதிக்கும், வேறுபாடு மாறாது. பேரலை வந்தாலும் கட்டுமரத்தின் மரங்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன அல்லவா? அதைப் போலத்தான்.

கேட்டால்தான் பதில்

கம்பி இருந்தால் மட்டும் போதாது. பேச்சுக்கு ஒழுங்கும் வேண்டும். 1979-இல் மாடிகான் நிறுவனம் வகுத்த மாட்பஸ் நெறிமுறை இன்றும் பெருவழக்கில் உள்ளது. கணிப்பொறியே கேட்கும், எண் அழைக்கப்பட்ட கருவி மட்டும் பதில் சொல்லும், மற்றவை வாய் திறவா. கருவிகளுக்கு 1 முதல் 247 வரை முகவரி எண் தரலாம்.

ஒரு கேள்வி எட்டு பைட் கொண்டது: முதலில் கருவியின் எண், அடுத்து 3, அதாவது 'படித்துச் சொல்' என்னும் கட்டளை, பிறகு எந்த அளவு, எத்தனை அளவு என்பவற்றுக்கு நான்கு பைட், இறுதியில் பிழை கண்டறியும் இரண்டு பைட். 88 பிட் செல்ல ஏறத்தாழ 9 மில்லி வினாடியே ஆகும். பிழை கண்டால் கருவி பதில் தராது. கணிப்பொறி மீண்டும் கேட்கும். பலமுறை கேட்டும் மௌனமே நீடித்தால், அம்மௌனமும் ஒரு செய்தி! உடனே எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும். கம்பி அறுந்தாலும் கட்டுப்பாட்டுக் கருவி தன் வேலையைத் தானே தொடரும் என்பது ஓர் ஆறுதல்.

6535.6 டிகிரியா?

பல கருவிகள் வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக அனுப்பும். −18.0 என்பது −180 ஆகும். ஆனால் 16 பிட்டில் கழித்தல் குறி ஏது? 65536-இலிருந்து 180-ஐக் கழித்து, 65356 என்று அனுப்புகிறது. இம்மரபை அறியாதவர் நிரல் எழுதினால், திரையில் 6535.6 டிகிரி என்று தோன்றும். இரும்பும் ஆவியாகும் வெப்பம் அது! வந்த எண் 32767-க்கு மேற்பட்டால் 65536-ஐக் கழிக்க வேண்டும் என்பதே விதி.

இந்நெறிமுறை குளிர் அறைக்கு மட்டும் உரியதன்று. கடலாடிக்கு அண்மையில், கமுதிப் பகுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் இன்வர்ட்டர்களின் அளவுகளைத் திரட்டவும் மாட்பஸ் பெரிதும் பயன்படுகிறது.

இப்போது நீங்களே கணக்கிடுங்கள். நள்ளிரவில் குளிர் அறையிலிருந்து 65496 என்னும் எண் வருகிறது. வெப்பநிலை என்ன? மணி ஒலிக்க வேண்டுமா?

விடை: 65496 − 65536 = −40. அதாவது −4.0 டிகிரி. மணி ஒலிக்கத்தான் வேண்டும். மீன் உருகத் தொடங்கிவிட்டது!